கள்ளச்சாவிக்கும் மெயின்டனன்ஸ் உண்டு: மெட்டாஸ்ப்ளாய்ட் மாட்யூல்களின் கதை

(இது எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை என்னோட ஒரு சொதப்பல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். கம்பெனியோட உள் நெட்வொர்க்ல இருக்கிற சர்வர்களை டெஸ்ட் பண்ற வேலை எங்க டீமுக்கு வந்தது. எழுத்துல பர்மிஷன் வாங்கியாச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் தொடணும்னு கண்டிஷன். என் கையில இருந்த டூல் மெட்டாஸ்ப்ளாய்ட். ஒரு வெப் அப்ளிகேஷன்ல அப்போ ஒரு ஓட்டை கண்டுபிடிச்சிருந்தாங்க. அது எங்க சர்வர்கள்ல இருக்கான்னு பார்க்கறதுக்கான மாட்யூலை எடுத்தேன், முப்பத்துச் சொச்சம் ஐபி முகவரிகளைக் கொடுத்தேன், ‘செக்’ கட்டளையை ஓட விட்டேன். எல்லாத்துக்கும் ஒரே பதில்: இந்த டார்கெட்டைத் தாக்க முடியாது. எக்செல் ஷீட்ல எல்லா வரிக்கும் பச்சை கலர் அடிச்சு, மெயில் அனுப்பிட்டு, நிம்மதியா தூங்கிட்டேன்.

அடுத்த வாரம் எங்க டீம் சீனியர் அக்கா என் சீட்டுக்கு வந்தாங்க. “தம்பி, பதினேழாவது வரியில இருக்கிற சர்வர் அன்னைக்கு ராத்திரி டவுன்ல இருந்துச்சே. அது எப்படிப்பா பச்சையாச்சு?”

எனக்கு பதில் தெரியல. மாட்யூலோட கோடைத் திறந்து பார்த்தேன். சர்வர்கிட்ட இருந்து எதிர்பார்த்த பதில் வந்தா ஓட்டை இருக்கு, வரலைன்னா ‘பாதுகாப்பு’ன்னு எழுதியிருந்தது. சர்வர் டவுன்ல இருந்தாலும் பதில் வராதுதானே? அந்த மாட்யூலைப் பொறுத்தவரை செத்துக் கிடந்த சர்வரும் பத்திரமான சர்வரும் ஒண்ணு. சர்வர் ஆன்ல இருக்கும்போது மறுபடி டெஸ்ட் பண்ணோம். ஓட்டை இருந்தது. அன்னைக்குச் சாயங்காலமே பேட்ச் போட்டாங்க.

நான் அதுவரைக்கும் ஹேக்கிங் டூல்னா ஒருத்தர் எழுதி வெச்சது, நாம ஓட்டுறதுன்னுதான் நினைச்சிருந்தேன். அது ஒரு சாஃப்ட்வேர், அதுலயும் பக் இருக்கும், அதையும் யாரோ உட்கார்ந்து சரி பண்ணணும்ங்கிறது உறைச்சதே அன்னைக்குத்தான். அந்த ‘யாரோ’க்களோட வரலாறுதான் இந்த எபிசோட்.

மாட்யூல்னா என்ன?

மெட்டாஸ்ப்ளாய்ட் ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல். ஒரு நெட்வொர்க்குக்குள்ள வெளியாள் நுழைய முடியுமான்னு நுழைஞ்சே பார்த்துச் சொல்றதுக்கானது. உள்ளே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்ப்ளாய்ட் மாட்யூல்கள் இருக்கு. பெரும்பாலும் ஒவ்வொண்ணும் ஒரு தனி ரூபி ஃபைல். ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கான கள்ளச்சாவின்னு வெச்சுக்கோங்க.

ரொம்ப எளிமையான ஒரு சாவியைச் சொல்றேன். 2011 ஜூலையில ஒரு விஷயம் தெரிய வந்தது. விஎஸ்எஃப்டிபிடி-ன்னு ஒரு பிரபலமான எஃப்டிபி சர்வர் சாஃப்ட்வேர் இருக்கு. அதோட 2.3.4 பதிப்பின் டவுன்லோட் ஃபைலை யாரோ மாத்தி வெச்சிருந்தாங்க. அந்த மாத்தின பதிப்பை நிறுவின சர்வர்ல லாகின் பண்ணும்போது யூசர்நேம்ல ஒரு ஸ்மைலி, அதாவது :) போட்டா போதும். 6200-ஆம் போர்ட்ல கதவு திறந்துடும், பாஸ்வேர்டே வேண்டாம். இதுக்கான மாட்யூல் என்ன செய்யும்? சர்வரோட பேசும், ஸ்மைலி அனுப்பும், 6200-ல போய் கதவைத் தட்டும். கோட் சின்னதுதான்.

எல்லா மாட்யூலும் இவ்வளவு சுலபமா இருந்தா இந்த எபிசோடே தேவைப்பட்டிருக்காது. பெரும்பாலான சாவிகள் பூட்டோட உள் அமைப்பை மில்லிமீட்டர் கணக்கில் நம்பி இருக்கிறவை. பூட்டு கொஞ்சம் மாறினாலும் சாவி உள்ளேயே சிக்கிக்கும். சில நேரம் பூட்டையே உடைச்சிடும்.

2003: தனித்தனி சாவிகளுக்கு ஒரு பட்டறை

2003-ல் எச்.டி. மூர் மெட்டாஸ்ப்ளாய்ட்டை ஆரம்பிச்சார். மொழி பெர்ல். அதுக்கு முன்னாடி நிலைமை எப்படின்னா, யாராவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு, அதை நிரூபிக்க ஒரு சி ப்ரோக்ராம் எழுதிப் போடுவாங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஸ்டைல். உள்ளே நுழையுற கோடும், நுழைஞ்ச பிறகு என்ன செய்யணும்ங்கிற கோடும் பின்னிப் பிணைஞ்சு கிடக்கும். ஒண்ணை மாத்தணும்னா முழுசா திரும்ப எழுதணும்.

மெட்டாஸ்ப்ளாய்ட் இந்த ரெண்டையும் பிரிச்சது. நுழையறது எக்ஸ்ப்ளாய்ட், நுழைஞ்ச பிறகு ஓடறது பேலோட். எந்த எக்ஸ்ப்ளாய்ட்டோடும் பொருந்துகிற பேலோடைச் சேர்த்துக்கலாம். 2004-ல் 2.0 பதிப்பு வந்தபோது 19 எக்ஸ்ப்ளாய்ட்களும் 27-க்கு மேற்பட்ட பேலோடுகளும் இருந்தன.

அதுக்கப்புறம் மூரும், மேட் மில்லரும், ‘ஸ்பூன்எம்’ங்கிற புனைபெயர்ல இயங்கினவரும் சேர்ந்து பெரிய முடிவு ஒண்ணு எடுத்தாங்க. முழுசையும் ரூபியில் திரும்ப எழுதறது. 18 மாசம் ஆச்சு, 1,50,000 வரிகளுக்கு மேல் புது கோட். 2007 மார்ச்சில் 3.0 வெளியானது.

நம்ம கதைக்கு இந்த மறு எழுத்து ரொம்ப முக்கியம். பொதுவான வேலைகளை எல்லாம், அதாவது விண்டோஸ் ஷேரிங்கோட பேசறது, வெப் ரிக்வெஸ்ட் அனுப்பறது மாதிரியானதை எல்லாம், கீழே ஒரு லைப்ரரியில வெச்சாங்க. மாட்யூல் எழுதறவர் அந்தந்த ஓட்டைக்கு மட்டும் தனியா தேவைப்படறதை எழுதினா போதும். இதனால மாட்யூல் சின்னதாச்சு, எழுத நிறைய பேர் வந்தாங்க. கூடவே இன்னொண்ணும் நடந்தது. லைப்ரரியில ஒரு வரியைச் சரி பண்ணா நூறு மாட்யூல் சரியாகும். ஒரு வரியைக் கெடுத்தா நூறும் சத்தமில்லாம கெட்டுப்போகும்.

கூட வேலை செய்ய ஆள் வரலைன்னா?

நடுவுல இன்னொரு டூலோட கதையைச் சொல்லிடறேன், ஏன்னா இது இல்லாம மெட்டாஸ்ப்ளாய்ட்டோட அடுத்த திருப்பம் புரியாது.

1998-ல் ரெனோ டெரேசோன்னு ஒரு பிரெஞ்சு இளைஞர் நெஸ்ஸஸ்-ங்கிற ஸ்கேனரை ஓப்பன் சோர்ஸா வெளியிட்டார். உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினாங்க. மத்த கம்பெனிகள் அதை வெச்சு சர்வீஸ் வித்தாங்க. ஆனா ஸ்கேனரோட எஞ்சினுக்குக் கோட் எழுதிக் கொடுக்க ஆள் அநேகமா வரவே இல்லை. 2005-ல் அவரோட டெனபிள் நிறுவனம் நெஸ்ஸஸ் 3 இனி ஓப்பன் சோர்ஸ் கிடையாதுன்னு அறிவிச்சது. பழைய கோடை எடுத்து ஓப்பன்வாஸ்-னு ஒரு கிளை வளர்ந்தது, அது இன்னைக்கும் இருக்கு. ஆனா மூலச் செடி வேலிக்குள்ள போயிடுச்சு.

ஊரே தண்ணி எடுக்கிற கிணத்தைத் தூர்வார ஒருத்தர் மட்டும் வந்தா, ஒரு நாள் அவர் கிணத்தைச் சுத்திச் சுவர் கட்டுவார். அவரைக் கோவிச்சுக்க எனக்கு மனசு வரல.

2009 அக்டோபரில் ரேபிட்7 நிறுவனம் மெட்டாஸ்ப்ளாய்ட்டை வாங்கினபோது, இதுவும் அதே மாதிரி மூடிடுமோன்னு பயம் இருந்தது இயல்புதான். மூடல. ஃப்ரேம்வொர்க் பிஎஸ்டி லைசென்ஸ்லயே தொடர்ந்தது. மூர் அந்த நிறுவனத்துல சேர்ந்தார். ஓய்வு நேரத்துல நடந்த வேலையை இப்போ சம்பளத்தோட முழுநேரமா செய்ய ஆட்கள் வந்தாங்க. வணிகப் பதிப்பை வித்து வர்ற காசுல பொதுப் பதிப்பைக் கவனிச்சுக்கிற ஏற்பாடு. 2011-ல் கோட் கிட்ஹப்புக்கு மாறின பிறகு யார் வேணும்னாலும் ஒரு திருத்தத்தை அனுப்பலாம், எல்லார் கண் முன்னாடியும் அதை விவாதிக்கலாம்னு ஆச்சு.

எம்எஸ்08-067: மொழிக்கு ஒரு சாவி

இப்போ ரிப்பேர் வேலைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் 2008.

அந்த வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திருக்காம ஒரு அவசர பேட்ச் வெளியிட்டது. பேர் எம்எஸ்08-067. விண்டோஸ் 2000, எக்ஸ்பி, சர்வர் 2003-ல் லாகின் எதுவுமில்லாம நெட்வொர்க் வழியா உள்ளே நுழையக்கூடிய ஓட்டை. அடுத்த மாசமே கான்ஃபிக்கர் வார்ம் இதே ஓட்டை வழியா பரவ ஆரம்பிச்சு, லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பிடிச்சது.

இதுக்கான மெட்டாஸ்ப்ளாய்ட் மாட்யூல் இன்னைக்கும் ட்ரெய்னிங் வகுப்புகள்ல முதல்ல காட்டற மாட்யூல்களில் ஒண்ணு. அதோட கோடைத் திறந்தா ஒரு ஆச்சரியம். அரபி, செக், டேனிஷ், ஜெர்மன், கிரேக்கம், ஸ்பானிஷ், ஹீப்ரு, ஹங்கேரியன், ஜப்பானிஷ், கொரியன், போலிஷ், ரஷ்யன், துருக்கின்னு நீளமா ஒரு பட்டியல். ஒவ்வொரு மொழி விண்டோஸுக்கும், ஒவ்வொரு சர்வீஸ் பேக்குக்கும் தனித்தனி எண்கள்.

ஏன்? அந்த எக்ஸ்ப்ளாய்ட் வேலை செய்யணும்னா, மெமரியில ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தாவணும். அந்த இடத்தோட முகவரி துல்லியமா தெரியணும். எக்ஸ்பி காலத்துல முகவரிகளைக் கலைச்சுப் போடற பாதுகாப்பு கிடையாது, அதனால ஒரே பதிப்பு விண்டோஸ்ல அது எப்பவும் ஒரே எண். ஆனா இங்கிலீஷ் எக்ஸ்பியும் போலிஷ் எக்ஸ்பியும் தனித்தனியா தயாரானவை. உள்ளே இருக்கிற டிஎல்எல் ஃபைல்கள்ல முகவரி கொஞ்சம் தள்ளி இருக்கும். தப்பான எண்ணைக் கொடுத்தா உள்ளே நுழைய முடியாது, அது மட்டுமில்ல, ஃபைல் ஷேரிங் உட்பட பல சர்வீஸ்கள் அந்த மெஷின்ல படுத்துடும்.

அப்போ எதிர்ல இருக்கிற விண்டோஸ் எந்த மொழின்னு தொடாமலே எப்படிக் கண்டுபிடிக்கறது? இங்கதான் ஒரு அழகான ஒட்டு வேலை. விண்டோஸ்கிட்ட பிரிண்டர் பட்டியலைக் கேட்டா, ‘ரிமோட் பிரிண்டர்கள்’ங்கிற தலைப்பை அது தன்னோட மொழியில எழுதி அனுப்பும். ஸ்பானிஷ் விண்டோஸ் ஸ்பானிஷ்ல சொல்லும், இத்தாலியன் விண்டோஸ் இத்தாலியன்ல சொல்லும். அந்த ஒரு வரியை வெச்சு மெட்டாஸ்ப்ளாய்ட் மொழியை ஊகிக்கும். பேச்சை வெச்சே ஆள் திருநெல்வேலியா கோயம்புத்தூரான்னு நாம கண்டுபிடிக்கிற மாதிரி.

அந்தப் பட்டியல்ல ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தர் அந்த மொழி விண்டோஸை உட்கார்ந்து பார்த்து எடுத்த எண். ஒரு வரி மட்டும் இல்லைன்னா, அந்த நாட்டுல டெஸ்ட் பண்றவருக்கு இந்த மாட்யூல் பயன்படாது. உலகத்தோட மத்த இடங்கள்ல எல்லாம் ஓடும். அவர் ஊர்ல மட்டும் ஓடாது.

பூட்டு மாறலை, சாவி செஞ்ச உலோகம் மாறிடுச்சு

சில நேரம் டார்கெட் மாறாது. டூல் எழுதின மொழியே மாறிடும்.

ரூபி 1.8-ல் ஒரு சொல்லோட முதல் எழுத்தைக் கேட்டா, அதோட பைட் மதிப்பை எண்ணா கொடுக்கும். இங்கிலீஷ் பெரிய எழுத்து ‘ஏ’ன்னா 65. ரூபி 1.9-ல் அதே கேள்விக்கு எழுத்தையே திருப்பிக் கொடுக்கும். நீளம் கேட்கிற விஷயம் இன்னும் மோசம். நம்ம ‘அ’வை எடுத்துக்கோங்க. யூடிஎஃப்-8-ல் அது 3 பைட். பழைய ரூபி நீளம் 3-ன்னு சொல்லும். புது ரூபி 1-ன்னு சொல்லும். தமிழ்ல ஆப் எழுதறவங்களுக்கு இது வரப்பிரசாதம். பைட்டை எண்ணி பாக்கெட் கட்டறவங்களுக்கு இது கண்ணிவெடி.

யோசிச்சுப் பாருங்க. ஒரு நெட்வொர்க் பாக்கெட்டோட தலைப்பகுதியில ‘பின்னாடி இத்தனை பைட் வருது’ன்னு எழுதணும். எழுத்துக் கணக்கும் பைட் கணக்கும் மாறிப்போச்சுன்னா எதிர்ல இருக்கிற சர்வர் அந்த பாக்கெட்டைக் குப்பைன்னு தூக்கிப் போட்டுடும். டூல் கிராஷ் ஆகாது, சிவப்பு கலர்ல எரர் வராது. ‘எக்ஸ்ப்ளாய்ட் வேலை செய்யலை’ன்னு மட்டும் சொல்லும். நீங்க சர்வர் பத்திரமா இருக்குன்னு நினைச்சுப்பீங்க.

இன்னைக்கும் மெட்டாஸ்ப்ளாய்ட்டோட லைப்ரரி ஃபைல்களைத் திறந்தா, பலதுல முதல் வரியில ‘இந்த ஃபைலோட என்கோடிங் பைனரி’ன்னு ஒரு குறிப்பு இருக்கும். அந்த ஒரு வரி, அந்தக் காலத்து ரிப்பேரோட தழும்பு.

இதே மாதிரி இன்னொண்ணு விண்டோஸ் பக்கம் நடந்தது. 2017-க்கு அப்புறம் வந்த விண்டோஸ் 10 பதிப்புகள்ல எஸ்எம்பி-யோட முதல் பதிப்பை மைக்ரோசாஃப்ட் தானாவே அணைச்சு வைக்க ஆரம்பிச்சது. நல்ல முடிவு. ஆனா மெட்டாஸ்ப்ளாய்ட்ல விண்டோஸோட பேசற பழைய கோட் அந்த முதல் பதிப்பை மட்டும்தான் பேசும். சாவி சரியா இருந்தும் கதவுகிட்ட போறதுக்கு வழி தெரியாத நிலைமை. புது எஸ்எம்பி லைப்ரரியைத் தனியா எழுதி, மாட்யூல்களை ஒவ்வொண்ணா அதுக்கு மாத்தி, 2020 ஆகஸ்ட்ல 6.0 பதிப்போட எஸ்எம்பி 3 வரைக்கும் பேசற திறன் வந்தது. இந்த மாதிரி வேலையைப் பத்தி யாரும் கான்ஃபரன்ஸ்ல கைதட்ட மாட்டாங்க. ஆனா இது நடக்கலைன்னா புது விண்டோஸ் மெஷின்கள் முன்னாடி பாதி டூல் ஊமையா நின்னிருக்கும்.

2019: சரி பண்ணலாமா, வேண்டாமா?

இப்போ இந்த எபிசோடோட கஷ்டமான பகுதி.

2019 மே 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்ல இருந்த ஒரு ஓட்டைக்கு பேட்ச் விட்டது. சப்போர்ட் முடிஞ்சு வருஷக்கணக்கான எக்ஸ்பிக்கும் சேர்த்தே விட்டது, அதுலயே தீவிரம் புரியும். கெவின் போமாண்ட்ங்கிற பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆய்வாளர் இதுக்கு ப்ளூகீப்னு பேர் வெச்சார். 2017 மே மாசம் வான்னாக்ரை பிரிட்டன் ஆஸ்பத்திரிகளை முடக்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. இதுவும் அதே மாதிரி தானா பரவக்கூடிய வகை.

செப்டம்பர் 6-ஆம் தேதி மெட்டாஸ்ப்ளாய்ட்டுக்கான ப்ளூகீப் மாட்யூல் பொதுவுல வந்தது. ரொம்ப எச்சரிக்கையோட. சும்மா ஓட்டினா தாக்காது, அடையாளம் மட்டும் காட்டும். டார்கெட்டை நீங்களே கையால தேர்ந்தெடுக்கணும். தப்பானா எதிர்ல நீலத்திரைதான். 2008-ல் மொழிப் பட்டியல் இருந்த இடத்துல இப்போ வேற பட்டியல்: விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வின்னு. விண்டோஸ் எது மேல ஓடுதுங்கிறதைப் பொறுத்து மெமரி முகவரி மாறுது. பதினோரு வருஷம் கழிச்சும் பிரச்சினை அதேதான்: முகவரி.

நவம்பர் தொடக்கத்துல போமாண்ட் ஒரு விஷயம் சொன்னார். தாக்குறவங்களைக் கவனிக்கறதுக்காக உலகத்தோட பல இடங்கள்ல அவர் திறந்து வெச்சிருந்த பொறி மெஷின்கள் அக்டோபர் கடைசியில இருந்து ஒண்ணொண்ணா நீலத்திரை காட்டி விழுதுன்னு. கிராஷ் பதிவை மார்கஸ் ஹட்சின்ஸ் ஆராய்ந்தார். வான்னாக்ரையை நிறுத்தின அதே ஹட்சின்ஸ்தான். யாரோ மெட்டாஸ்ப்ளாய்ட்டோட ப்ளூகீப் கோடை எடுத்து, மெஷின்கள்ல மொனேரோ நாணயம் தோண்டற ப்ரோக்ராமை இறக்கப் பார்த்திருக்காங்க. அந்த எக்ஸ்ப்ளாய்ட் பல இடத்துல மெஷினையே கவுத்துடுச்சு. கவுந்ததாலதான் அவங்க மாட்டினாங்க.

ஏன் கவுந்தது? மாட்யூலை எழுதினவங்கள்ல ஒருத்தர் ஷான் தில்லன். காரணத்தை அவரே கண்டுபிடிச்சார். 2018 ஜனவரியில மெல்ட்டவுன்னு ஒரு பிராசசர் ஓட்டைக்காக விண்டோஸ் பேட்ச் ஒண்ணு வந்தது. கெர்னலோட மெமரியைத் தனியா பிரிச்சு வைக்கிற பேட்ச். எக்ஸ்ப்ளாய்ட் கெர்னலுக்குள்ள மாத்தி வைக்கிற ஒரு நுழைவாசல், இந்த பேட்ச் போட்ட மெஷின்ல வேற இடத்துல இருக்கு. தில்லன் கோட் எழுதிப் பார்த்த லேப் மெஷின்கள்ல மெல்ட்டவுன் பேட்ச் இல்லை. நம்ம ஆஃபீஸ்ல தினமும் சொல்ற ‘என் மெஷின்ல ஓடுதே’ கதைதான். கெர்னல் லெவல்ல நடந்திருக்கு, அவ்வளவுதான்.

இப்போ கேள்வி. பக் தெரிஞ்சாச்சு, திருத்தமும் தெரியும். சரி பண்ணலாமா?

சரி பண்ணா, மொனேரோ திருடன் கையில இருக்கிற சாவியும் நல்லா வேலை செய்யும். கிராஷ் ஆகாது, அதனால சத்தம் வராது. 2011-ல் ஜோஷ் கோர்மன் ஒரு ‘விதி’ சொன்னார், எச்.டி. மூர் பேராலேயே: சாதாரண தாக்குதல்காரனோட பலம் மெட்டாஸ்ப்ளாய்ட் வளர்ற வேகத்துல வளரும். அந்தப் பயம் பொய்யில்லை.

சரி பண்ணலைன்னா? முறையா அனுமதி வாங்கி ஒரு ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை டெஸ்ட் பண்றவரை நினைச்சுப் பாருங்க. அவர் இந்த மாட்யூலை ஓட்டினா ஒரு மெஷின் கவுந்துடலாம். அதுக்குப் பயந்து ஓட்டாம விட்டா, அந்த மெஷின் பேட்ச் ஆகாமலே இருக்கும். இன்னொரு பக்கம், வசதியுள்ள தாக்குதல்காரன் இதுக்காகக் காத்திருக்கறதில்லை. வான்னாக்ரை பயன்படுத்தின எட்டர்னல்ப்ளூ அமெரிக்காவோட என்எஸ்ஏ கிட்ட இருந்து கசிஞ்சது. மெட்டாஸ்ப்ளாய்ட்ல அதுக்கான மாட்யூல் வந்தது அதே மே மாசம்தான். அதுக்குள்ள சேதம் நடந்து முடிஞ்சிருந்தது.

சரி பண்ணாங்க. அந்த நவம்பர்லயே திருத்தம் வந்தது.

நான் இதுல எந்தப் பக்கம்னா, சரி பண்ணது சரிங்கிற பக்கம். ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன் இருக்குன்னு நினைக்கிறேன். டூல் தன்னைப் பத்தி உண்மை சொல்லணும். மெட்டாஸ்ப்ளாய்ட் இதை மெல்ல மெல்லக் கத்துக்கிட்டது. ஒவ்வொரு எக்ஸ்ப்ளாய்ட்டுக்கும் ஒரு தரவரிசை உண்டு, ‘மேனுவல்’ல இருந்து ‘எக்ஸலன்ட்’ வரைக்கும். எக்ஸலன்ட்னா அது சர்வீஸைக் கவுக்கவே கவுக்காதுன்னு அர்த்தம். பிறகு இன்னும் விரிவான குறிப்புகள் வந்தன: ஓட்டினா சர்வீஸ் விழுமா, மறுபடி மறுபடி ஓட்டலாமா, லாக்ல தடயம் விடுமான்னு மாட்யூலே சொல்லணும். செக் கட்டளைக்கும் ஆமா, இல்லைன்னு ரெண்டு பதில் மட்டும் கிடையாது. ‘ஓட்டை இருக்கு’, ‘இருக்கிற மாதிரி தெரியுது’, ‘சர்வீஸ் இருக்கு ஆனா உறுதியா சொல்ல முடியல’, ‘பாதுகாப்பு’, கடைசியா ‘தெரியாது’.

ரெண்டு வரி

அந்த ‘தெரியாது’தான் என்னோட பதினேழாவது வரிக்கு வந்திருக்க வேண்டிய பதில்.

அன்னைக்கு அந்த மாட்யூலைத் திறந்தப்போ, நான் முதல்ல செஞ்சது யார் இதை எழுதினதுன்னு திட்டினது. ரெண்டு நாள் கழிச்சு அதைச் சரி பண்ணி அனுப்பினேன். திருத்தம் ரெண்டே வரி: பதிலே வரலைன்னா ‘தெரியாது’ன்னு சொல்லு. பதில் வந்து, அது பேட்ச் ஆன பதிப்புன்னு தெரிஞ்சா மட்டும் ‘பாதுகாப்பு’ன்னு சொல்லு.

ரெண்டு வரிக்குப் பின்னாடி நிறைய வேலை. ஓட்டை உள்ள பதிப்பை ஒரு விர்ச்சுவல் மெஷின்ல நிறுவணும், ஓட்டை அடைச்ச பதிப்பை இன்னொண்ணுல நிறுவணும், மூணாவதா சர்வர் டவுன்ல இருக்கிற நிலையையும் பார்க்கணும். மூணுலயும் என்ன வந்ததுன்னு காட்டணும். ரிவ்யூ பண்ணவர் நான் சொன்னதை நம்பிட்டு விடல, அவரும் தன் மெஷின்ல ஓட்டிப் பார்த்தார். ‘இந்த இடத்துல டைம்அவுட் ஆனா?’ன்னு நான் யோசிக்காத நாலாவது நிலையைக் கேட்டார். எனக்கு ஆஃபீஸ்ல கூட அவ்வளவு பொறுமையான கோட் ரிவ்யூ கிடைச்சதில்லை.

உங்கள்ல யாருக்காவது ஆசை வந்திருந்தா, புது எக்ஸ்ப்ளாய்ட் எழுதறதுல இருந்து ஆரம்பிக்காதீங்க. ரேபிட்7 வெளியிட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-ங்கிற விர்ச்சுவல் மெஷின் இலவசமா கிடைக்குது. வேணும்னே ஓட்டைகளோட செஞ்சது. நான் சொன்ன ஸ்மைலி கதவும் அதுல இருக்கு. உங்க லேப்டாப்புக்குள்ளயே, வெளி நெட்வொர்க்கோட இணைக்காம அதை ஓட்டுங்க. ஒரு பழைய மாட்யூலை எடுங்க, அதோட செக் பகுதியைப் படிங்க, சர்வரை அணைச்சிட்டு என்ன சொல்லுதுன்னு பாருங்க.

அடுத்தவங்க மெஷின்ல மட்டும் அனுமதி இல்லாம கை வெச்சுடாதீங்க. ‘சும்மா டெஸ்ட் பண்ணேன்’ங்கிறது கோர்ட்ல எடுபடாது. நம்ம நாட்டுல தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆவது பிரிவின்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும்.

அந்த எக்செல் ஷீட்ல இப்போ நான் மூணு கலர் வெச்சிருக்கேன். பச்சை, சிவப்பு, சாம்பல். ஒவ்வொரு டெஸ்ட்லயும் சாம்பல் வரிகள் கொஞ்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். மேனேஜருக்கு அது பிடிக்காது. அந்தக் கலரை மாத்தறதுக்காக அடுத்த நாள் ராத்திரியும் பதினோரு மணிக்கு மறுபடி உட்காருவேன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.